சவுல்ட்ரி: சத்திரமா, சாவடியா?

சென்னையின் பழைய வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்கள் ‘சவுல்ட்ரி பிளெயின்’ (Choultry Plain) என்ற ஆங்கிலப் பெயரைச் ‘சத்திரச் சமவெளி’ என்று ஆக்கிவிடுகிறார்கள். ஒருவர் எழுதியதை அடுத்தவர் அப்படியே எடுத்துக்கொள்வதால், இன்று அதுவே சரி என்று நிலைத்துவிடும் போலிருக்கிறது.

செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குத் தென்மேற்கே, இன்றைய அண்ணா சாலையின் இரு பக்கமும் தேனாம்பேட்டை வரை கிடந்த வெட்டவெளிதான் இந்த இடம். 1758 டிசம்பரில் சென்னையை முற்றுகையிட வந்த லாலியின் பிரெஞ்சுப் படை இங்கே பாளையமிறங்கியது. அதன்பின் கிழக்கிந்தியக் கம்பெனி துரைமார் பெரிய பெரிய தோட்டங்களாக வளைத்து பங்களா கட்டினார்கள். அவர்கள் வழிபாட்டுக்கென்று எழுந்த தேவாலயமே 1816-இல் பிரதிஷ்டை கண்ட இன்றைய செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்.

சவுல்ட்ரி என்பது நம்முடைய சாவடிதான், ஐரோப்பிய நாக்கில் புரண்டு வந்தது. தெலுங்கிலும் சாவடி உண்டு, மராத்தியிலும் உண்டு. நாற்சந்தி என்று பொருள்படும் வடமொழி மூலம் காட்டுவாரும் உண்டு, அது கிடக்கட்டும்.

சத்திரம் வேறு, சாவடி வேறு. சத்திரத்தில் தங்கலாம், சோறும் உண்டு. அறக்கட்டளை வைத்து நடத்துவது. சாவடி என்றால் தூணும் கூரையும் உள்ள திறந்த கொட்டகை. வழிப்போக்கர் ஒதுங்கலாம், ஆனால் அங்கே நடப்பது ஊர்க்காரியம்: வரி வாங்குவது, வழக்குக் கேட்பது, காவல் இருப்பது. கிராம நிர்வாக அலுவலர் உட்காரும் இடத்தைக் கிராமச் சாவடி என்று இன்றும் சொல்கிறோம். சுங்கச்சாவடி, வாக்குச்சாவடி எல்லாம் அதே வழியில் வந்தவை. சுங்கச் சத்திரம் என்று எழுதினால் யாராவது சும்மா விடுவார்களா?

சென்னையின் சங்கதியே இதற்குச் சாட்சி. கோட்டையை ஒட்டி இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் பட்டணத்தில் இருந்த சாவடியில் அதிகாரி என்ற உள்ளூர்த் தலைவர் சில்லறை வழக்குகளைத் தீர்த்துவந்தார். 1678-இல் கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் அதை மாற்றி, கம்பெனி அலுவலர்களே வாரம் இரண்டு நாள் அங்கே உட்கார்ந்து நியாயம் சொல்ல வேண்டும் என்றார். வீடு, நில விற்பனையைப் பதிந்ததும் அங்கேதான். அடிமை விற்பனையும் அந்தப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. இந்த ‘சவுல்ட்ரி’ நீதிபதிகளைச் ‘சத்திர நீதிபதிகள்’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். பந்தி விசாரிக்கிறவர்கள் என்றல்லவா படிக்கிறவர் நினைப்பார்! புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய உள்ளூர் நீதிமன்றத்தின் பெயர் ‘ஷோத்ரி’. அதுவும் சாவடியே.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரர்கள் கண்டதற்கெல்லாம் சவுல்ட்ரி என்றே பெயர் வைத்தார்கள். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ராமசாமி முதலியார் சத்திரம் அவர்களுக்குச் சவுல்ட்ரி. மதுரைப் புதுமண்டபத்தையே ‘திருமலை நாயக்கர் சவுல்ட்ரி’ என்று ஐரோப்பிய ஓவியர்கள் வரைந்து வைத்தார்கள். பெங்களூரில் இன்று சவுல்ட்ரி என்றால் கல்யாண மண்டபம். மூன்று தமிழ்ச் சொற்களை அவர்கள் ஒன்றாக்கியது அவர்கள் வசதி. அதைத் திருப்பிக் கொண்டுவரும்போது எது எது என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தானே மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார்? அகராதியில் முதலில் கண்ட பொருளை ஒட்டிவிட்டுப் போகவா?

இன்னொரு கூட்டம், சாவடியே வடசொல், ‘அம்பலம்’ என்று எழுதுங்கள் என்கிறது. ஊர் கூடும் பொது இடத்துக்கு அம்பலம் நல்ல சொல், பழைய சொல், மறுக்கவில்லை. ஆனால் ஓஎம்ஆரில் கந்தன் அம்பலம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். கந்தன்சாவடியும் வேலப்பன்சாவடியும், பூந்தமல்லிப் பக்கத்துக் குமணன்சாவடியும் கரையான்சாவடியும் இந்த ஊர் தன் வாயாலேயே வைத்துக்கொண்ட பெயர்கள். காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. கொத்தவால் சாவடி என்ற பெயர் போகவில்லை. அதில் கொத்தவாலும் வெளியிலிருந்து வந்த சொல்தான், நகரக் காவல் அதிகாரி என்று பொருள். யாருக்கு என்ன குறைந்துபோயிற்று?

‘சமவெளி’யும் எனக்குப் பிடிக்கவில்லை. பூகோளப் பாடத்தில் கங்கைக்குச் சொல்வது அது. கோட்டையிலிருந்து பார்த்தால் தெரிந்த பொட்டலுக்கு வெளி போதும். ஆகவே இடத்துக்குச் சாவடி வெளி, நீதிமன்றத்துக்குச் சாவடி மன்றம், ராமசாமி முதலியார் கட்டியதற்கு மட்டும் சத்திரம். ஆங்கில மூலத்தில் மூன்றுக்கும் ஒரே சொல்தானே இருக்கிறது என்று பதிப்பாசிரியர் கேட்டால், இருக்கட்டும் என்று சொல்லுங்கள்.