வன்னியில் சேர்வர் அறை நடத்துகிறவர்களுக்குக் கூரைச் சூரிய மின் திட்டம்

கூட்டுறவுச் சங்கம், தனியார் வைத்தியசாலை, கணினிக் கல்வி நிலையம், வெளிநாட்டு வேலைகளை இங்கிருந்தே செய்து கொடுக்கும் சிறு நிறுவனம் என்று கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பல இடங்களில் இப்போது ஒரு சேர்வர் அறை இருக்கிறது. இரண்டு மூன்று சேர்வர் (பலருக்கும் தரவை வழங்கும் கணினி), ஒரு யூ.பி.எஸ்., இரவு பகலாக ஓடும் ஏசி, அவ்வளவுதான். ஆனால் மாதக் கடைசியில் வரும் மின்பட்டியல் சின்னதல்ல. அப்படியொரு அறைக்குப் பொறுப்பாக இருப்பவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

சேர்வர்களைப் பெருமளவில் ஓட்டும் உலகத் தரவு மையங்கள் எல்லாம் சேர்ந்து 2024இல் ஏறத்தாழ 41,500 கோடி அலகு மின்சாரத்தைப் பயன்படுத்தின என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. முழு இலங்கையும் ஓராண்டில் உற்பத்தி செய்வதைப் போல் இருபது மடங்குக்கும் மேல். 2030இல் அது 94,500 கோடி அலகாகும் என்பது அதே முகமையின் கணிப்பு. நமது சின்ன அறையும் இதே வகையைச் சேர்ந்ததுதான். அதனால் பெரியவர்கள் கற்றுக்கொண்ட பாடம் நமக்கும் உதவும்.

சரி, திட்டத்துக்கு வருவோம். ‘சூரியபல சங்கிராமய’ என்ற பெயரில் 2016 செப்ரெம்பரில் தொடங்கிய கூரைச் சூரிய மின் திட்டத்தில் முக்கியமாக மூன்று முறைகள் உண்டு. முதலாவது, நெற் மீற்றரிங். நீங்கள் மின்சார சபையின் கம்பிக்கு அனுப்பும் அலகை, அங்கிருந்து எடுக்கும் அலகில் கழிப்பார்கள். மிச்சம் இருந்தால் காசு கிடையாது, அடுத்த மாதக் கணக்குக்குப் போகும். இரண்டாவது, நெற் அக்கவுண்டிங். இதிலும் கழிப்பது அப்படியேதான், ஆனால் மிச்ச அலகுக்குக் காசு தருவார்கள். மூன்றாவது, நெற் பிளஸ். கூரையில் விளைவதெல்லாம் தனி மீற்றர் வழியாகச் சபைக்கு விற்பனையாகும். உங்கள் பாவனைக்கு வழமையான பட்டியல் தனியாக வரும்.

பலர் மூன்றாவதைப் பார்த்து மயங்குகிறார்கள். “மாதம் மாதம் காசு வரும்” என்று விற்பனை முகவர்கள் சொல்வது இதைத்தான். ஆனால் சபை கொடுக்கும் விலை வந்த வழியைப் பாருங்கள். 2016இல் முதல் ஏழு ஆண்டுக்கு அலகுக்கு 22 ரூபா. 2022இன் நெருக்கடிக்குப் பிறகு அது 37 ரூபா வரை ஏறி, 2024இல் 27க்கு இறங்கியது. 2025இல் 5 கிலோவாற் வரை 20.90, அதற்கு மேல் 20 கிலோவாற் வரை 19.61 என்றானது. பெரிய சூரிய மின் தொகுதிக்கு இன்னும் குறைவு. உங்கள் பட்டியலை எடுத்து, ஓர் அலகுக்கு நீங்கள் கட்டும் விலையைப் பாருங்கள். அது சபை தரும் விலையை விடக் கூடவென்றால், ஓர் அலகை விற்பதை விட உங்கள் பாவனையில் கழிப்பதே இலாபம். சேர்வர் அறை நாள் முழுதும் ஒரே அளவில் மின்சாரம் இழுப்பதால் கழிக்க அங்கே எப்போதும் பாவனை இருக்கிறது. எனவே முதல் இரண்டு முறைகளில் ஒன்றுதான் உங்களுக்கு. மிச்சம் பெரிதாக வராது என்றால் எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசமில்லை. ஆனாலும் நான் இரண்டாவதையே சொல்வேன், வந்த மிச்சம் காசாகக் கைக்கு வரும். நேரத்துக்கு ஏற்ப மாறும் மூன்று விலையில் கட்டணம் கட்டும் பெரிய இணைப்புக்காரர்கள், எந்த நேரத்து அலகு எந்த நேரத்தில் கழியும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முதல் இரண்டு முறைகளிலும் தொகுதியின் அளவு உங்கள் இணைப்பின் ஒப்பந்த அளவைத் தாண்டக் கூடாது. ஒற்றைக் கட்டத்து 30 அம்பியர் இணைப்பு என்றால் ஏறத்தாழ 7 கிலோவாற்றுக்குள் அடங்க வேண்டும்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. சூரியத் தகடு வாங்குமுன் ஏசியைப் பாருங்கள். அறை முழுதும் எடுக்கும் மின்சாரத்தைச் சேர்வர்கள் மட்டும் எடுக்கும் மின்சாரத்தால் வகுத்தால் வரும் எண்ணைத் தரவு மையக்காரர்கள் பி.யு.ஈ. என்பார்கள். ஒன்றை நெருங்க நெருங்க நல்லது. உங்கள் சேர்வர்கள் 2 கிலோவாற் எடுக்க, ஏசியும் யூ.பி.எஸ். இழப்பும் இன்னொரு 2 கிலோவாற் எடுக்கின்றன என்று வையுங்கள். பி.யு.ஈ. 2. மாதத்துக்கு 2,880 அலகு. அதையே 1.5 ஆக்கினால் 2,160 அலகு. மிச்சம் 720 அலகு. வன்னியில் ஒரு கிலோவாற் தகடு நாளுக்குச் சராசரியாக நாலு அலகு தரும் என்று எடுத்தால், அந்த 720 அலகை விளைவிக்க 6 கிலோவாற் தகடு வேண்டும். ஒரு சதமும் கடன் எடுக்காமல் கிடைக்கும் 6 கிலோவாற் அது.

எப்படி? ஏசியை 18 பாகையில் வைத்துப் போர்த்திக்கொண்டு வேலை செய்யும் அறைகள் உண்டு. சேர்வருக்கு அந்தக் குளிர் தேவையில்லை. குளிரூட்டல் பொறியியலாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரே, உள்ளே போகும் காற்று 27 பாகை வரை இருக்கலாம் என்கிறது. நம்மைப் போலவே வெக்கையான சிங்கப்பூரும் தன் தரவு மையங்களை 26 பாகைக்கும் மேலே நகர்த்தச் சொல்கிறது. ஒரேயடியாக ஏற்றாமல், கிழமைக்கு ஒரு பாகையாக ஏற்றிச் சேர்வரின் சூட்டைக் கவனியுங்கள். சூடான காற்று திரும்ப முன்பக்கம் வராமல் ஒரு தடுப்பு வையுங்கள். மேற்குச் சுவருக்கு நிழல் கொடுங்கள், கூரைத் தகரத்துக்கு வெள்ளை பூசுங்கள். சித்திரை வெயிலில் அதன் பலன் தெரியும்.

இன்னொன்று, பலருக்குப் பிறகுதான் தெரியவருகிறது: கரண்ட் போனால், தகட்டின் மின்சாரத்தை நாம் பாவிக்கும் மின்சாரமாக மாற்றும் சாதாரண இன்வேட்டரும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவருக்கு அடிக்காமல் இருக்கவே அந்த ஏற்பாடு. உச்சி வெயிலிலும் உங்கள் தகடு சும்மா இருக்கும். சேர்வர் நிற்கக் கூடாதென்றால் பற்றரியோடு இயங்கும் ஹைபிரிட் இன்வேட்டர் வேண்டும். பற்றரியில் சேமித்ததை மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை சபைக்குக் கொடுத்தால் அலகுக்கு 45.80 ரூபா என்று 2025இல் விலை வைத்தார்கள். காரணம் இருக்கிறது. அந்த ஆண்டு பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு, நாடு முழுதும் இருண்டது. பாவனை குறைந்த, வெயில் கூடிய பகலில் நாட்டின் மின் வலையமைப்பு ஒரு அதிர்ச்சியைத் தாங்கவில்லை. அடுத்து வந்த புத்தாண்டு விடுமுறையில் பிற்பகல் 3 மணி வரை தகடுகளை நிறுத்தி வைக்கும்படி கூரைக்காரர்களிடம் சபை கேட்டது. பகலில் சீராக மின்சாரம் எடுக்கும் சேர்வர் அறை, இந்த நிலையில் நாட்டுக்கும் நல்ல வாடிக்கையாளர்தான்.

மன்னாரிலும் பூநகரியிலும் காற்று இருக்கிறது, வெறுங்காணி இருக்கிறது. பெரிய தரவு மையம் வேண்டும் என்ற பேச்சு ஒரு நாள் இங்கேயும் வரலாம். ஐரோப்பிய ஒன்றியம் 500 கிலோவாற்றுக்கு மேற்பட்ட தரவு மையங்கள் மின்சாரக் கணக்கையும் குளிரூட்டச் செலவாகும் தண்ணீர்க் கணக்கையும் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும் என்று 2024 முதல் விதித்திருக்கிறது. இரணைமடுத் தண்ணீருக்குக் காத்திருக்கும் வயல்காரர் உள்ள ஊரில் அந்தத் தண்ணீர்க் கணக்கு காணி கொடுக்குமுன்பே கேட்கப்பட வேண்டும்.

விண்ணப்பிக்கும்போது ஒழுங்கு இதுதான். முதலில் உங்கள் பகுதி மின் விநியோக அலுவலகத்தில், உங்கள் வரிசைக்கு மின் தரும் ட்ரான்ஸ்போமரில் இடம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இடமில்லையென்றால் எந்த முறையிலும் இணைப்புக் கிடைப்பது கடினம். அந்தப் பதில் வரும்வரை எந்தக் கம்பனிக்கும் முற்பணம் கட்ட வேண்டாம். பிறகு, இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் பதிந்த நிறுவனங்களில் குறைந்தது மூன்றிடம் விலை கேளுங்கள். கடைசி பன்னிரண்டு மாதப் பட்டியல்களையும் கொண்டுபோங்கள். ஒரு மாதப் பட்டியலை மட்டும் பார்த்து அளவு சொல்பவர் மாரி மாதங்களைக் கணக்கில் எடுக்கவில்லை.