சேம்பர் குவாயர்: சிற்றவைப் பாடகர் குழாம்

திருகோணமலையில் நத்தார் நெருங்கினால் ஒளிவிழாவுக்கான பாட்டுப் பயிற்சிகள் களைகட்டிவிடும். தேவாலயத்தில் நான்கு குரல் பிரித்துப் பாடுவோரைப் ‘பாடகர் குழாம்’ என்கிறோம். ‘குவாயர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டியதில்லை. அதன் முன்னால் ‘சேம்பர்’ சேரும்போதுதான் தடுமாற்றம். ‘அறைப் பாடகர் குழு’ என்று எழுதினால் கருத்துத் தவறிவிடும்.

குவாயரின் மூலம் ‘கோரோஸ்’ என்ற கிரேக்கச் சொல். ஆடிக்கொண்டே பாடும் கூட்டத்தை அது குறித்தது. நம்முடைய குரவையும் அப்படித்தான். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரையே இட்டு நிறுத்துகிறாள் மாதரி. ஆளுக்கொரு சுரம்! சிறு குழுவின் இலக்கணத்தை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது.

சேம்பர், ‘கமெரா’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது, பொருள் அறை. படம் பிடிக்கும் கமெராவும் அதுவே. 17ஆம் நூற்றாண்டு இத்தாலியர் இசையைத் தேவாலயத்துக்கு, அரங்கத்துக்கு, மாளிகைக் கூடத்துக்கு என வகுத்தார்கள். கூடத்தில் சிலர் பாட, சிலர் கேட்பார்கள். ஆகவே சேம்பர் இன்று சுட்டுவது சுவரை அல்ல, அளவை.

இத்தகைய குழுவில் பெரும்பாலும் 16 முதல் 40 பேர் வரை இருப்பார்கள். ஒரு குரலுக்கு நான்கைந்து பேர் என்றால் மறைந்துகொள்ள இடமில்லை. ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் சுரத்தைத் தாங்க வேண்டும். ‘ஆமென்’ என்பதன் கடைசி னகர மெய்யை ஒருவர் முந்திக்கொண்டு முடித்தாலும் கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

சுவீடனில் எரிக் எரிக்சன் 1945இல் தொடங்கிய குழு இவ்வகைப் பாடலுக்கு முன்மாதிரியானது. எஸ்தோனியாவின் கதை இன்னும் அருமை. 1966இல் தந்தை தொடங்கிய எல்லர்ஹைன் என்ற தன்னார்வக் குழுவிலிருந்து, 1981இல் மகன் தொனு கல்யுஸ்தே தொழில்முறைக் குழுவை உருவாக்கினார். தொழில்முறை என்றால் பாடுவதே வேலை, அதற்குச் சம்பளம். மாலையில் வேலை முடித்து வந்து பாடுவதல்ல.

என் பரிந்துரை ‘சிற்றவைப் பாடகர் குழாம்’. அவை என்பதில் கூடமும் கேட்போரும் சேர்ந்தே இருக்கிறார்கள். அழைப்பிதழில் இடம் போதாவிட்டால் ‘சிற்றவைக் குழாம்’ என்று சுருக்கலாம்.