இரண்டு வாரம் தயங்கி ஒளிரும் மூலக்கூறு

‘பேரண்டத்தில் எங்கும் ஹைட்ரஜன்தான் என்கிறீர்கள், அதன் மூலக்கூறைப் பார்க்க மட்டும் ஏன் இத்தனை பாடு?’ என்று வாசகர்கள் கேட்பதுண்டு. விடை மூலக்கூறின் வடிவத்திலேயே இருக்கிறது.

சுமார் 4.7 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள மெசியர் 77 விண்மீன் மண்டலத்தின் நடுவே, இரை தின்னும் கருந்துளை ஒன்று தூசுக்குள் மறைந்திருக்கிறது. அதைச் சுற்றியுள்ள ஹைட்ரஜன் மூலக்கூறுகளைத் தேட, 2.2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகச்சிவப்பில் பார்த்தால் தூசின் மறைப்பு, கண்ணுறு ஒளியில் இருப்பதில் ஏறக்குறையப் பத்தில் ஒன்றுதான்.

கார்பன் மோனாக்சைடின் இரு முனைகளும் மின்னூட்டத்தில் வேறுபட்டவை. அதிரும்போது மின்னூட்டமும் ஆடும். நொடியின் நூற்றில் சில பங்குக்குள் ஒளி பிறந்துவிடும். ஹைட்ரஜன் மூலக்கூறிலோ இரண்டும் ஒரே வகை அணு. நீண்டாலும் சுருங்கினாலும் மின்னூட்டத்தின் மையம் அசையாது. மின்னூட்டம் பரவியிருக்கும் வடிவம் மாறுவதால் ஒளி பிறக்கும், மிக வலுக்குறைந்த நான்முனை வழி ஒன்றுதான் அதற்குத் திறந்திருக்கிறது. அதனால் நிறமாலையில் 2.122 மைக்ரான் ஒளிக்கோட்டைத் தரும் ஆற்றல் நிலைக்கு ஏறிய மூலக்கூறு, இறங்கச் சராசரியாக இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறது! இந்தத் தயக்கம் நமக்கு வரம். எளிதில் உமிழாதது எளிதில் விழுங்கவும் செய்யாது. வாயுவின் ஆழத்தில் பிறந்த ஒளியும் மற்ற ஹைட்ரஜனிடம் சிக்காமல் வெளியே வருகிறது. தூசின் மறைப்பைத் திருத்திவிட்டால், ஒளியை எண்ணுவதும் சூடான மூலக்கூறுகளை எண்ணுவதும் ஒன்றே.

சூடாக்கியது யார் என்பதை அதே மூலக்கூறின் 2.248 மைக்ரான் கோடு காட்டிக்கொடுக்கும். 2,000 கெல்வின் மோதல் வெப்பமானால், அது 2.122 கோட்டின் பத்தில் ஒரு பங்களவே இருக்கும். புறஊதா ஒளி தூண்டியதானால் பாதியைத் தொடும். ஆனால் கன சென்டிமீட்டருக்கு லட்சம் துகள்களைத் தாண்டிய வாயுவில் மோதல்கள் குறுக்கிட்டு, புறஊதாவின் தடயத்தை அழித்துவிடும். இந்த ஒற்றை விகிதத்தை நம்பித் தீர்ப்பு எழுதுவது அவசரம். இன்னும் உயர்ந்த நிலைகளின் கோடுகளும் வேண்டும்.

தரையிலிருந்து பார்க்கையில் முதல் தொல்லை நம் வானமே. சுமார் 87 கிலோமீட்டர் உயரத்தில் ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜன் அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்தது) ஒளிர்கிறது. சில நிமிடங்களிலேயே அதன் பிரகாசம் மாறும். ஆகவே இலக்கு, வெற்று வானம், மறுபடி இலக்கு என்று மாற்றி மாற்றி எடுத்துக் கழிக்க வேண்டும். விண்மீன் மண்டலம் பார்வைப் புலம் முழுதும் பரவியிருப்பதால் தொலைநோக்கியை நன்றாகத் தள்ளித் திருப்பாவிட்டால் மண்டலத்தின் ஒளியையே கழித்துவிடுவோம்.

அடுத்து, காற்று விழுங்கியதைத் திருத்த, வானில் அதே உயரக் கோணத்தில் நிற்கும் வெள்ளை விண்மீனின் நிறமாலையால் வகுப்பார்கள். அந்த விண்மீனுக்கே 2.166 மைக்ரானில், ஹைட்ரஜன் அணுக்கள் ஒளியை விழுங்கிய பள்ளம் உண்டு. அதை முன்பே நிரப்பாமல் வகுத்தால் மண்டலத்தில் போலிக் கோடு முளைக்கும். மெசியர் 77 நம்மைவிட்டு விலகுவதால் அதன் உண்மைக் கோடு 2.174க்கு நகர்ந்திருக்கும், போலி 2.166லேயே நிற்கும். தொலைநோக்கி நேரம் ஒதுக்கும் குழுக்கள் இந்த அளவுகோல் விண்மீனுக்கான நிமிடங்களில் கைவைக்கவே கூடாது.