தொண்டை ஆறிவிட்டது, ரத்தத்தில் இன்னும் எதைத் தேடுகிறார்கள்?

குழந்தைக்கு மூட்டு வலி என்று போனால் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஏஎஸ்ஓ என்று மூன்றெழுத்தை எழுதிக் கொடுப்பார்கள். மறுநாள் வருகிற ரிப்போர்ட்டில் 400 என்று தடித்த எழுத்தில் இருக்கும், பக்கத்திலேயே 'இயல்பு அளவு: 200-க்குள்' என்றும் இருக்கும், அவ்வளவுதான், அன்றைக்கு வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. ஆனால் அந்த 400 இதயத்தைப் பற்றியோ சிறுநீரகத்தைப் பற்றியோ ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா கடந்த சில மாதங்களுக்குள் இந்த உடம்புக்கு வந்துபோயிருக்கலாம், இதுதான் அது சொல்லும் மொத்தச் சேதி.

ஸ்ட்ரெப்டோகாக்கஸில் பல பிரிவுகள் உண்டு. 1930-களில் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் என்ற விஞ்ஞானி, அவற்றின் செல் சுவரில் இருக்கும் சர்க்கரைப் பொருளை வைத்து ஏ, பி, சி என்று பிரித்து வைத்தார். நமக்கு இங்கே வேண்டியது ஏ பிரிவு. தொண்டையில் புண், தோலில் சிரங்கு இரண்டையும் உண்டாக்குவது இதுதான். தொண்டை வலி பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகவே போய்விடும், எல்லோரும் மறந்தும் விடுவார்கள். வம்பு அதற்கு அப்புறம்தான் வருகிறது.

இரண்டு மூன்று வாரம் கழித்து சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வரலாம். இந்தக் கிருமியின் மேலே இருக்கும் எம் புரதத்தின் சில பகுதிகள் நம் இதயத் தசையில் இருக்கும் மயோசின் புரதத்தின் ஜாடையில் இருக்கின்றன, கிருமியை அடிக்கக் கிளம்பிய எதிர்ப்பு சக்தி ஜாடை பார்த்து ஏமாந்து இதயத்தையும் மூட்டுகளையும் சேர்த்தே அடிக்கிறது. மூட்டு வீக்கம் தடம் தெரியாமல் ஆறிவிடும், வால்வில் விழுந்த அடி வாழ்நாள் முழுக்க நிற்கலாம். இன்னொரு தொல்லை சிறுநீரகத்தில். கிருமியின் பொருளும் அதற்கு எதிராக உண்டான எதிர்ப்பொருளும் கூட்டாகச் சேர்ந்து சிறுநீரக வடிகட்டிகளில் படிந்து அழற்சியை உண்டாக்கும். முகம் வீங்கும், சிறுநீர் கோலா நிறத்தில் போகும், ரத்த அழுத்தம் ஏறும். தொண்டைத் தொற்றுக்குப் பிறகு என்றால் சுமார் 10 நாளில், சிரங்குக்குப் பிறகு என்றால் 3 முதல் 6 வாரத்தில்.

சிக்கல் வந்து நிற்கும்போது தொண்டையில் பஞ்சுக்குச்சி வைத்துத் துடைத்துப் பார்த்தால் பல சமயம் கிருமியே இருக்காது. வந்த காரியம் முடிந்து அது போய்விட்டிருக்கும். அதனால்தான் கிருமியைத் தேடாமல், கிருமிக்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளைத் தேடுகிறார்கள்.

கிருமி பல பொருட்களை வெளியே விடுகிறது, அதில் ஒன்று ஸ்ட்ரெப்டோலைசின் ஓ என்ற நச்சு. இதற்கு எதிரான எதிர்ப்பொருளின் பெயர் ஆன்டி-ஸ்ட்ரெப்டோலைசின் ஓ, அதன் சுருக்கம்தான் சீட்டில் எழுதிய ஏஎஸ்ஓ. இந்த 'ஓ' ஆக்ஸிஜனைக் குறிக்கிறது, காற்று பட்டால் செயலிழந்து போகும் நச்சு என்பதால் அந்தப் பெயர். (ஸ்ட்ரெப்டோலைசின் எஸ் என்று ஒரு உடன்பிறப்பும் உண்டு, அது காற்றுக்கு அசையாது, ஆனால் அதற்கு எதிராக நம் உடம்பு எதிர்ப்பொருள் தயாரிப்பதில்லை, எனவே பரிசோதனைக்கு உதவாது.) ஓ நச்சு நம் செல்களின் சவ்வில் இருக்கும் கொலஸ்ட்ராலைப் பிடித்துக்கொண்டு, ஒன்றோடொன்று வளையமாகச் சேர்ந்து, சவ்வில் ஓட்டை போடும். சிவப்பணுவில் ஓட்டை விழுந்தால் உள்ளே இருக்கும் சிவப்பு வெளியே கொட்டிவிடும். 1932-ல் டாட் என்ற ஆய்வாளர் இதையே பரிசோதனையாக மாற்றினார். நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பின் பிரிந்து நிற்கும் தெளிந்த நீரை, படிப்படியாக நீர்க்கச் செய்து, ஒவ்வொரு குழாயிலும் அளவான நச்சைச் சேர்த்து, அப்புறம் முயலின் சிவப்பணுக்களைப் போட வேண்டும். சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் அது நச்சை மடக்கிவிடும், அணுக்கள் உடையாமல் அடியில் படியும். இல்லாவிட்டால் குழாய் முழுக்கச் சிவந்துவிடும். எவ்வளவு நீர்த்த பிறகும் அணுக்கள் தப்பித்தன என்பதே அளவு.

இப்போது முயலெல்லாம் வேண்டாம். நச்சின் புரதம் பூசிய நுண்ணிய லேடெக்ஸ் துகள்களோடு ஒரு சொட்டுச் சீரத்தைக் கலந்து ஆட்டுவார்கள், 200-க்கு மேல் எதிர்ப்பொருள் இருந்தால் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகும். கட்டினால் பாதியாக நீர்த்து மறுபடி, அதுவும் கட்டினால் இன்னும் பாதி. அதனால்தான் இந்த முறையில் வரும் ரிசல்ட் 200, 400, 800 என்று இரட்டிப்பாகவே தாவும். 400-க்கும் 800-க்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு படி, 'ரெண்டு மடங்கு ஆயிடுச்சே' என்று பதறுவதற்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒளிச்சிதறலை அளக்கும் இயந்திரங்கள் மட்டும் 287, 341 என்று துல்லியமான எண் தரும்.

சரி, 200 என்ற எல்லை எங்கிருந்து வந்தது? வழக்கமாக, ஆரோக்கியமானவர்களில் 80 சதவீதம் பேர் எதற்குக் கீழே இருக்கிறார்களோ அதையே எல்லையாக வைப்பார்கள். அப்படியென்றால் எந்த நோயும் இல்லாத ஐந்து பேரில் ஒருவர் எல்லையைத் தாண்டித்தான் இருப்பார். இதோடு, தொண்டைத் தொற்று அடிக்கடி வருவது பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குத்தான், எனவே 5 முதல் 15 வயது வரை இயல்பு அளவே பெரியவர்களைவிட உயரமாக இருக்கும். பெரியவர்களின் 200-ஐ எட்டு வயதுப் பிள்ளையின் ரிப்போர்ட்டில் அச்சடித்து வைப்பது எனக்குச் சரியாகவே படவில்லை.

காலமும் முக்கியம். தொற்று வந்து சுமார் ஒரு வாரத்தில் எதிர்ப்பொருள் ஏறத் தொடங்கி, 3 முதல் 5 வாரத்தில் உச்சிக்குப் போய், அப்புறம் மாதக்கணக்கில் மெதுவாக இறங்கும். ஆகவே இன்றைக்குத் தொண்டை வலிக்கிறது என்று இன்றைக்கே இந்த டெஸ்ட் எடுப்பது வீண். ஒற்றை எண்ணைவிட, இரண்டு மூன்று வார இடைவெளியில் எடுத்த இரண்டு எண்கள் அதிகம் பேசும். ஏறினாலும் இறங்கினாலும் தொற்று அண்மையில் நடந்தது என்று பொருள், அசையாமல் நின்றால் அது பழைய கதையாக இருக்கலாம்.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது தோலின் கதை. சிரங்கு வந்து, அதன் பின் சிறுநீரகம் பாதித்து வரும் குழந்தைக்குப் பல சமயம் ஏஎஸ்ஓ ஏறியே இருக்காது. காரணம் அதே கொலஸ்ட்ரால்தான். தோலில் இருக்கும் கொலஸ்ட்ரால் நச்சைப் பிடித்துச் செயலிழக்க வைத்துவிடுகிறது, எதிர்ப்பு சக்தியின் கண்ணில் அது சரியாகப் படுவதே இல்லை. அதனால் அங்கே கிருமியின் இன்னொரு பொருளான டிஎன்ஏஸ் பி என்ற நொதிக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடுவார்கள். இது 6 முதல் 8 வாரத்தில் உச்சிக்கு வரும், நெடுநாள் தங்கும். ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்களில்கூட ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்குத்தான் ஏஎஸ்ஓ உயர்ந்திருக்கும், இரண்டு டெஸ்ட்டையும் சேர்த்து எடுத்தால் விடுபடுகிறவர்கள் வெகுவாகக் குறைவார்கள். சிறுநீரகப் பாதிப்பில் சி3 என்ற ரத்தப் புரதத்தையும் பார்ப்பார்கள், முதலில் குறைந்து 6 முதல் 8 வாரத்தில் அது பழைய நிலைக்கு வந்தால் பெரும்பாலும் இந்தக் கிருமி விட்டுப்போன வேலைதான்.

தவறான உயர்வும் உண்டு. கல்லீரல் நோய், ரத்தத்தில் அதிகக் கொழுப்பு, இதே நச்சைத் தயாரிக்கும் சி, ஜி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்கள். ஆரம்பத்திலேயே பென்சிலின் கொடுத்திருந்தால் எண் ஏறாமலும் போகலாம்.

எண் மட்டும் உயர்ந்து, வீங்கிய மூட்டோ இதய அழற்சியோ இல்லாத பிள்ளைக்கு மாதாமாதம் பென்சிலின் ஊசி போடுவதில் அர்த்தமே இல்லை. ஊசி எதிர்ப்பொருளைக் குறைக்காது, எதிர்ப்பொருள் நோயும் அல்ல. தொண்டை வலி தொடங்கி 9 நாளுக்குள் பென்சிலின் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம் என்பது 1950-களிலிருந்தே தெரியும். ஏற்கெனவே ருமாட்டிக் காய்ச்சல் வந்தவருக்கு அடுத்த தொற்றைத் தடுக்க 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை ஊசி போடுவார்கள், அங்கே ஏஎஸ்ஓ இறங்கிவிட்டது என்பதற்காக ஊசியை நிறுத்தவும் கூடாது.

ருமாட்டிக் காய்ச்சலைக் கண்டறிய 1944-ல் டக்கெட் ஜோன்ஸ் வகுத்த விதிகள் இன்றும் திருத்தங்களோடு பயன்படுகின்றன. அறிகுறிகள் இருந்தால் மட்டும் போதாது, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வந்துபோனதற்கு ஆதாரமும் வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. ஆனால் ஒரு விலக்கு இருக்கிறது. கை கால் முகமெல்லாம் கட்டுப்பாடில்லாமல் ஆடும் சிடன்ஹாம் கொரியா சிலருக்குத் தொண்டை வலி வந்து ஆறு மாதம் கழித்துக்கூட வரும், அதற்குள் எதிர்ப்பொருள் எல்லாம் இறங்கி எண்கள் இயல்பாகிவிட்டிருக்கும். அந்தப் பிள்ளைக்கு, வேறு காரணம் எதுவும் இல்லையென்று பார்த்துவிட்டு, டெஸ்ட்டில் ஒன்றுமே வராவிட்டாலும் ருமாட்டிக் காய்ச்சல் என்றே முடிவு செய்யலாம்.