அவுட்லா: சட்டத்தை மீறியவரா, சட்டம் கைவிட்டவரா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் டியூஷனுக்கு வரும் ஐந்தாம் படிவ மாணவி, சரித்திரப் பாடத்தில் ஒரு வரியைக் காட்டினாள். "டீச்சர், 1948ல கம்யூனிஸ்ட் கட்சிய அவுட்லா பண்ணாங்கன்னு போட்டிருக்கு. அவுட்லான்னா கொள்ளைக்காரன்தானே? கட்சிய எப்படிக் கொள்ளைக்காரனாக்க முடியும்?"

அந்தச் சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகள். அவர்களின் பழைய நார்ஸ் மொழியில் அது 'ஊட்லாகி'. 'ஊட்' என்றால் வெளியே. பின்பாதி சட்டத்தைக் குறிக்கும். சட்டத்துக்கு வெளியே இருப்பவர் என்று பொருள். ஆனால் அவர் தானாக வெளியே போனவர் அல்ல, தள்ளப்பட்டவர். இங்கிலாந்தில் வழக்குக்கு வராதவரை அடுத்தடுத்து ஐந்து கவுண்டி மன்றங்களில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஐந்தாவதிலும் வரவில்லையென்றால் அவர் அவுட்லா. சொத்து பறிபோகும். முற்காலத்தில் அவரை யார் கொன்றாலும் குற்றமில்லை. 'ஓநாய்த் தலை சுமப்பவர்' என்றே சொன்னார்கள். ஓநாயைக் கொன்றவரை யார் கேட்பார்கள்?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ரப்பர் பால் வெட்டும் வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். வீடு போனால் கடைக்காரர் கடன் தரமாட்டார். ஒரே முடிவு, எல்லாக் கதவும் சாத்திக்கொள்ளும். அவுட்லாவுக்குச் சாத்தப்பட்டது சட்டத்தின் கதவு. அது எவ்வளவு கொடியது என்பதால்தான் 1215ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மாக்னா கார்ட்டா உரிமைச் சாசனம், முறையான தீர்ப்பில்லாமல் சுதந்திர மனிதர் எவரையும் அவுட்லா ஆக்கக்கூடாது என்றது. குற்ற வழக்குகளில் இந்தத் தண்டனை இங்கிலாந்தின் சட்டத்திலிருந்து முழுதாக நீங்க 1938 ஆனது.

சரி, கொள்ளைக்காரன் என்ற பொருள் எப்படி வந்தது? தள்ளப்பட்டவருக்கு வீடில்லை, வேலையில்லை. காட்டில் ஒளிந்து வழிப்பறி செய்து பிழைத்தவர்கள் உண்டு. நாம் பெரும்பாலான சொற்களை அகராதியில் கற்பதில்லை. அவை பேசப்படும் காட்சியை வைத்து ஊகிக்கிறோம். அவுட்லா என்று கேட்டபோதெல்லாம் வழிப்பறியும் கூடவே வந்தால், அதுதான் பொருள் என்று அடுத்த தலைமுறை எடுத்துக்கொள்ளும். தண்டனை மறைந்து, பிழைப்பு பொருளாகிவிட்டது. செய்தது சட்டம், பழி மனிதர்மேல் ஏறியது. எனக்கு இந்த இடம் இன்றும் மனதை உறுத்துகிறது.

மலாய் மொழி பழைய பொருளைத் தொட்டு நிற்கிறது. தேடப்படுபவரை 'ஓராங் புருவான்' என்பார்கள். 'புரு' என்றால் வேட்டையாடுவது. ஓநாய் அப்படியே இருக்கிறது, பாருங்கள்.

வினைச்சொல்லின் பாதை வேறு. முதலில் மனிதரைத் தள்ளிவைத்த சொல், அப்புறம் செயல்களையும் அமைப்புகளையும் தள்ளிவைக்கப் பயன்பட்டது. போரையே அவுட்லா செய்யவேண்டும் என்ற இயக்கத்தின் பின்னணியில் 1928இல் கெல்லாக்-பிரியான் உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தப் பொருளுக்கு மலாயில் 'மெங்ஹராம்கான்', தமிழில் தடை செய்வது.

எங்கள் ஊரை ஒட்டிய தோட்டங்களில் 1948 ஜூன் 16 அன்று மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது. ஜூலையில் கட்சி அவுட்லா செய்யப்பட்டது. காட்டுக்குள் போனவர்களை அரசு பல ஆண்டுகள் 'பேண்டிட்' என்றே எழுதியது, அதுதான் கொள்ளைக்காரன்.

மாணவியின் நோட்டில் இரண்டு வரி எழுதிக்கொடுத்தேன். கட்சிக்கு: தடை செய்யப்பட்டது. மனிதருக்கு: சட்டம் கைவிட்டவர்.