உறுமி அடிப்பதும் கணக்கில் சேரும்: ரெமாஜா பெர்டானா விருது

பேராக், சுங்கை சிப்புட் தோட்டத்து வீடுகளில் அனுகெரா ரெமாஜா பெர்டானா என்ற இளைஞர் விருதைப் பற்றிச் சொன்னால், "மூணு மாசம் கேம்புக்கு அனுப்பணுமா?" என்றுதான் அம்மாக்கள் கேட்கிறார்கள். அது தேசிய சேவைப் பயிற்சி. 2004இல் தொடங்கி, 2018இல் நிறுத்தப்பட்டு, 2025இல் புது வடிவில் திரும்பி வந்தது. இந்த விருது வேறு. யாரும் கடிதம் போட்டுக் கூப்பிட மாட்டார்கள், பிள்ளைக்கு விருப்பம் இருந்தால் சேரலாம். பிரிட்டனில் 1956இல் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருதின் மலேசிய வடிவம். இளைஞர், விளையாட்டுத் துறை அமைச்சின் கீழ் நடக்கிறது.

14 வயதில் வெண்கலம், 15இல் வெள்ளி, 16இல் தங்கம் தொடங்கலாம். 25ஆவது பிறந்த நாளுக்குள் முடித்தாக வேண்டும். சேவை, திறன், உடற்பயிற்சி, சாகசப் பயணம் என்று நான்கு பகுதிகள். வெண்கலத்துக்கு முதல் மூன்றும் தலா 3 மாதம், அதில் ஏதாவது ஒன்று மட்டும் 6 மாதம். ஒவ்வொன்றுக்கும் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். போட்டி கிடையாது, கடைசியாக ஓடி வரும் பையனுக்கும் அதே வெண்கலம்தான்.

நம் பிள்ளைகள் இதில் பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு உறுமி பழகுவது திறன். சாயங்காலம் தோட்டத்துத் திடலில் பந்து உதைப்பது உடற்பயிற்சி. தமிழ்ப்பள்ளிச் சின்னப் பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்காமல் பாடம் சொல்லிக்கொடுப்பது சேவை. ஆனால் பதிவு செய்வதற்கு முன்னால் செய்தது எதுவும் கணக்கில் வராது. என் அக்கா மகள் மூன்று மாதம் பரதம் ஆடி முடித்த பிறகுதான் பள்ளியில் பதிவே செய்தார்கள். அவ்வளவும் போச்சு, மறுபடி முதலிலிருந்து. அப்புறம், செய்ததைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவர் அப்பாவாகவோ அண்ணனாகவோ இருக்கக்கூடாது. விஷயம் தெரிந்த வெளியாள் வேண்டும்.

சாகசப் பயணம் வெண்கலத்தில் 2 பகல், 1 இரவு. நான்கிலிருந்து ஏழு பேர் வரை ஒரு குழு. வழி பார்ப்பது, கூடாரம் அடிப்பது, சோறு பொங்குவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பெரியவர் ஒருவர் தள்ளி நின்று கவனிப்பார், அவ்வளவுதான். மழையில் அரிசி நனைந்து, இடப்பக்கமா வலப்பக்கமா என்று சண்டை வரும்போது யார் பேச்சைக் கேட்பது? தலைமைத்துவம் என்று வகுப்பில் எழுதிப் போடுவதெல்லாம் அந்த இடத்தில்தான் தெரியும். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை வேனில் கொண்டுபோய் இறக்கும் பாசமுள்ள அப்பாமார்கள் தயவுசெய்து வீட்டிலேயே இருக்கவும்.

தங்கத்துக்குக் கூடுதலாக, பழக்கமில்லாதவர்களோடு 5 பகல், 4 இரவு தங்கி ஒரு வேலையைச் செய்ய வேண்டும்.

தனியாகச் சேர முடியாது. பள்ளியிலோ இளைஞர் இயக்கத்திலோ இத்திட்டம் நடக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் மாவட்ட இளைஞர் விளையாட்டு அலுவலகத்தில் விசாரிக்கலாம். சுங்கை சிப்புட்காரர்களுக்குக் கோலகங்சார்தான் மாவட்டம். பதிவான தேதியை அன்றே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த நாளிலிருந்துதான் கணக்கு.