லாரி ஏறினால் பசை பிய்ந்துவிடாதா?

“பழைய இரும்புப் பாலங்களில் கார்பன் பட்டையைப் பசை போட்டு ஒட்டி வலுவாக்குகிறார்களாமே, லாரி ஏறினால் பிய்ந்துவிடாதா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பிய்யலாம். ஆனால் எவ்வளவு இழுத்தால் பிய்யும் என்று முன்கூட்டியே கணக்கிட முடியும். அந்தத் தைரியத்தில்தான் ஒட்டுகிறார்கள். இங்கிலாந்தில் நியூபோர்ட் பாக்னெல் என்ற ஊரில் 1810இல் கட்டிய டிக்ஃபர்ட் பாலம் இருக்கிறது. முழுக்க வார்ப்பிரும்பு. வெல்டிங் வைத்தால் வார்ப்பிரும்பு எளிதில் விரிசல் விடும். துளை போட்டால் இருக்கிற வலுவும் குறையும். அதனால் 1999இல் கார்பன் இழையை எபாக்சி பசையால் ஒட்டினார்கள். இன்றும் அதன்மேல் வண்டிகள் போகின்றன.

கார்பன் பட்டை இழை வாக்கில் கிட்டத்தட்ட எஃகு அளவுக்கு விறைப்பானது, எடையோ ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் கார்பன் மின்சாரம் கடத்தும். ஈரத்தோடு எஃகை நேரடியாகத் தொட்டால் இரண்டும் சேர்ந்து மின்கலமாகி எஃகு அரிக்கத் தொடங்கும். அதைத் தடுக்க இடையில் கண்ணாடி இழை ஒரு படலம் வைப்பது வழக்கம்.

சரி, பசைக்கு வருவோம். எஃகின் மேல் ஒட்டிய பட்டையை ஒரு முனையில் பிடித்து இழுக்கிறோம். தேர் வடம் பிடிக்கிறவர்கள்போலப் பசையின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் சுமையைப் பங்குபோட்டுக்கொள்ளும் என்றுதான் தோன்றும். அப்படி நடப்பதில்லை. பட்டையும் நீளும். இழுக்கிற முனையில்தான் அது அதிகம் நீண்டிருக்கும் என்பதால் அங்கேதான் பசை அதிகம் சறுக்கும், அதாவது பட்டையோடு சேர்ந்து இழுபட்டுச் சாயும். உள்ளே போகப் போகச் சறுக்கல் மளமளவென்று குறைந்து, ஒரு தூரத்துக்கு அப்பால் பசைக்கு வேலையே இல்லை. ஃபோல்கர்சன் என்ற ஆய்வாளர் இதை 1938லேயே சமன்பாடாக எழுதிவிட்டார்.

இன்னும் இழுத்தால்? முனையில் இருக்கும் பசையின் தகைவு, அதாவது அதன் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் சுமக்கும் விசை, உச்சத்தைத் தொடும், பிறகு நுண்விரிசல் விட்டுத் தளரும், கடைசியில் பூஜ்யமாகும். அதற்குள் அடுத்த துண்டு சுமையை வாங்கிக்கொள்கிறது, அப்புறம் அதற்கடுத்தது. உழைக்கும் பகுதி எப்போதும் அதே நீளம்தான், இடம் மட்டும் உள்நோக்கி நகர்கிறது. பட்டையை இரண்டு மடங்கு நீளமாக ஒட்டினாலும் ஒட்டின் வலு இரண்டு மடங்காகாததற்கு இதுதான் காரணம். கூடுதல் நீளத்தால் கிடைப்பது, ஒரேயடியாகப் பிய்யாமல் மெதுவாகப் பிரியும் அவகாசம்.

கணினி மாதிரியில் எஃகுக்கும் பட்டைக்கும் நடுவே பசைக்குப் பதிலாக வரிசையாகச் சின்னச் சின்னச் சுருள்வில்கள் வைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே விதி: இவ்வளவு சறுக்கினால் இவ்வளவு தகைவு. அந்த விதியைக் கோட்டுப்படமாக வரைந்தால் விறைப்பான எபாக்சிக்கு முக்கோணம் வரும். இளகி நெளியும் பசைக்குச் சரிவகம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: ஒட்டு தாங்கும் அதிகபட்ச இழுவையை முக்கோணத்தின் உயரம் தீர்மானிப்பதில்லை, அதன் பரப்பளவு தீர்மானிக்கிறது. அந்தப் பரப்பளவுதான் ஒரு சதுர மீட்டர் ஒட்டைப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றல். அதை 1000 ஜூல் என்று கொள்வோம். 50 மி.மீ. அகலமும் 1.4 மி.மீ. தடிமனும் கொண்ட சாதாரணப் பட்டையைத் தடித்த எஃகில் ஒட்டினால், சுமார் 3.4 டன் எடைக்குச் சமமான இழுவையில்தான் பிரியும். ஆற்றல் நான்கு மடங்கானால் தாங்கும் இழுவை இரண்டு மடங்காகும். உச்சத் தகைவு குறைந்த, ஆனால் நன்றாக நெளிந்து கொடுக்கும் பசை, கெட்டிப் பசையை ஜெயிப்பது இப்படித்தான்.

இந்தக் கணக்கு பலிக்க, பிளவு பசைக்குள் நடக்க வேண்டும். எஃகைக் குருணை வீசிச் சொரசொரப்பாக்கித் துடைக்காமல் ஒட்டினால் பசை பரப்பிலிருந்து அப்படியே உரிந்துவரும், எந்த மாதிரியும் உதவாது. கான்கிரீட்டில் கதை வேறு: பசை தாக்குப்பிடிக்கும், கான்கிரீட்தான் பெயர்ந்து வரும்.

என் கவலை வெயில். பணியிடத்திலேயே உலரவிடும் எபாக்சிகள் பல 50, 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்குகின்றன. நம் கோடை வெயிலில் எஃகு அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். குளிர்நாட்டு ஆய்வகத்தில் அளந்த முக்கோணத்தை அப்படியே எடுத்து எண்ணூரிலோ தூத்துக்குடியிலோ ஒரு பாலத்துக்குப் பயன்படுத்துவது சரியல்ல. உப்புக்காற்றிலும் வெயிலிலும் மாதிரித் துண்டுகளைப் பத்து வருடம் தொங்கவிட்டு, வருடாவருடம் கழற்றி இழுத்துப் பார்க்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையை வைத்து நிதி ஒதுக்கினால் இந்த வேலைக்கு ஆள் வரமாட்டார்கள். பாலம் கட்டுகிற துறைகளே இதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும்.